தங்கை ஊர்ப் புகை

தையல்காரிக்குத் தன் தங்கைமேல் பொறாமை. அதை அவள் ஒளித்ததும் இல்லை. சின்ன வயதில் இவளுக்குக் காய்ச்சல் வந்தால் வெந்நீர்; தங்கைக்கு வந்தால் டாக்டர். கல்யாணமாகித் தங்கை வெளிநாட்டுக்குப் பறந்தாள். இவளோ நாலு தெரு தள்ளி, ரசாயனத் தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முன்னறையில் இரண்டு மெஷின், பள்ளிச் சீருடைக் குவியல், பஸ் ஓட்டுகிற கணவன். அவ்வளவுதான் இவள் கண்ட உலகம்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில், அந்தத் தொழிற்சாலையில் ஏதோ தொட்டி உடைந்து மஞ்சளாய்ப் புகை வந்தது. தெருவே இருமியது. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த இவளுக்குக் கண் கெட்டுப்போயிற்று. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கண்ணீர் கொட்டும். ஊசியில் நூல் கோக்கவே பத்து நிமிடம். என்ன புகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து எழுத முடியும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கம்பெனி, அது வெறும் நீராவி என்றது. பத்திரிகையில் நாலு வரி வந்தது, அதுவும் நீராவி என்றே. டிவியில் அதுகூட இல்லை.

போன வாரம் தங்கை இருக்கும் நாட்டில் இதே மாதிரி ஒரு கசிவு. அதுவும் தங்கை வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி! நம் டிவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காலையிலிருந்து வரைபடம், அம்புக்குறி, சோக இசை. "அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு மனித உயிர் என்ன கிள்ளுக்கீரையா?" என்று செய்தி வாசிப்பவர் கொதித்தார். நடுவில், 'நம் நாட்டுப் பெண் கண்ட பயங்கரம்' என்று தங்கையின் முகம். வாசலுக்கே டாக்டர் வந்தாராம். என்ன வாயு என்று பெயர் சொல்லி, மருந்தும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ஒரு தும்மல்கூடப் போடல அவ! மூஞ்சில பவுடரு, வாயில பயங்கரம்!" என்று தையல்காரி கத்தினாள்.

"உனக்கு வயித்தெரிச்சல் பவுடர் மேலயா, டாக்டர் மேலயா?" என்று கணவன் சீண்டினான்.

"ரெண்டு மேலயுந்தான். போய் வேலையப் பாருங்க."

மறுநாள் மத்தியானம் இவள் வாசலிலும் கேமரா வந்து நின்றது. தங்கைதான் விலாசம் கொடுத்திருந்தாள். தெருவில் வேறு எவர் வீட்டுக்கும் வராத கேமரா! தையல்காரி தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தங்கச்சி அங்க மாட்டிக்கிட்டாங்களே, உங்க மனசு எப்படி இருக்கு?" என்றார் நிருபர்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் கண்ணு போச்சு. இதோ, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் தொட்டி உடைஞ்சுது. அது என்ன புகைன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

தேதி சொன்னாள், மணி சொன்னாள், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். நிருபர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கேமராக்காரர் பெரிய விளக்கை இவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

சாயங்காலம் முன்னறை நிறைய ஆட்கள். செய்தியில் இவள் பத்து விநாடி வந்தாள். வாய் அசைந்தது, பேச்சில்லை. மேலே அதே சோக இசை. இரண்டு கண்ணிலும் தாரை தாரையாய்த் தண்ணீர். கீழே பெரிய எழுத்தில்: 'வெளிநாட்டு விஷவாயு: தங்கைக்காகக் கதறும் அக்கா.' அடுத்து விளையாட்டுச் செய்தி.

தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் கண்ணீரையும் அவளுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே! அதற்குள் போன் அடித்தது. தங்கை விம்மிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... எனக்காக நீ இப்படி அழுவேன்னு நான் நெனச்சதே இல்லக்கா. உனக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னுல்ல இத்தனை வருஷமா..."

தையல்காரி திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கேட்டது இதுதான்: "வாசலுக்கு வந்தாரே அந்த டாக்டர், உன் கண்ணையும் பாத்தாராடி?"

"பாத்தாருக்கா. லைட் அடிச்சு நல்லாப் பாத்தாரு. ஒண்ணுமே இல்லன்னுட்டாரு."

"குடுத்துவச்சவடி நீ," என்றாள் தையல்காரி.