நாய் மோந்த இடுப்பு

எங்கள் நாய் என் சிறுநீரகம் கெட்டதைக் கண்டுபிடித்துவிட்டது என்றே நம்பினேன். ஒரு வாரமாக என் இடுப்பை மட்டும் மோந்து மோந்து நக்கியது. நாய்களுக்கு நோய் வாசனை தெரியும் என்று செல்போனில் வீடியோ பார்த்திருந்தேன். மனைவியை இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுப்பதற்குள், மனதில் என் கருமாதிக்குப் பந்தியே போட்டுவிட்டேன்.

டாக்டர் மூக்கைப் பொத்தினார். "கிட்னி நல்லாத்தாங்க இருக்கு. இடுப்புல என்னங்க கட்டியிருக்கீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "வயலுக்கு மீன் அமிலம் தெளிச்சப்போ கட்டின துண்டு, டாக்டர். துவைக்கப் போடுங்கன்னா கேட்டாத்தானே!"

வெல்லத்தில் ஊறி அழுகிய மீன் குடல் சாறு, முதுகில் மாட்டிய ஸ்பிரேயரிலிருந்து ஒழுகித் துண்டில் இறங்கியிருக்கிறது. ஜலதோஷத்தில் எனக்கு நாற்றமே தெரியவில்லை. வாரம் முழுக்க மூக்கையும் வாயையும் அந்தத் துண்டால்தான் துடைத்திருக்கிறேன்.