சம்பந்தி வீட்டுக் காப்பிச் செடி

அக்காவுக்குப் பூ வைக்க ஏற்காட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், தாம்பாளங்களோடு தொட்டியில் ஒரு காப்பிச் செடியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மந்தைவெளியில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போடவே இடம் கிடையாது. இருந்தாலும் அப்பா வாஷிங் மெஷினை நகர்த்தி அதற்கு இடம் பண்ணினார். பால்காரர், இஸ்திரிக்காரர், லிஃப்டில் ஏறுகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மாப்பிள்ளை எஸ்டேட்காரர் என்ற தகவல் போய்ச் சேர்ந்தது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் வந்த வரனுக்கு வேலை நிரந்தரமில்லை என்று தெரிந்ததும், ஒரே போனில் பேச்சை முறித்தவர் அவர். இந்த ஏற்காட்டுக்காரரோடு அக்கா போனில் பேசிச் சிரிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

கொஞ்ச நாளில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. நான் அதை எடுத்துப் பொம்மைக்குப் பொட்டு வைத்தேன். அக்கா பொம்மையைப் பிடுங்கிக் கழுவினாள். அன்றிலிருந்து அப்பா எழுந்திருக்கும் முன்பே இலை இலையாகத் திருப்பி ஈரத்துணியால் துடைப்பாள். பழுத்ததைக் கிள்ளி, பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போடுவாள். செடி மொட்டையாகிக்கொண்டே வந்தது. மெட்ராஸ் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. அப்பாவும் வெயிலைத்தான் திட்டினார். அக்காவுக்குச் செடிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகருக்கு வந்த மாப்பிள்ளை, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். அக்காவும் நானும் பால்கனியில் இருந்தோம். அவர் வந்து மிச்சமிருந்த ஓர் இலையைத் திருப்பினார். முகம் விழுந்துவிட்டது.

"தோட்டம் பூரா இந்தத் துருநோய்தான். மருந்தடிச்சும் நிக்கல. உங்கப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்."

"எனக்கு முதல் இலையிலயே தெரிஞ்சுபோச்சு," என்றாள் அக்கா. "இப்ப சொன்னா கல்யாணத்தையே நிறுத்திடுவாரு. தாலி கட்டிட்டுச் சொல்லுங்க."

ஒரு செடிக்குப் போய் இவ்வளவு பெரிய மனிதர் கண்கலங்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் அம்மா கேசரியோடு கூப்பிட்டாள். அப்பாவே தட்டை எடுத்து நீட்டி, இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க, மாமா."

அதற்குப் பிறகு அவர் ஸ்பூனைத் தொடவேயில்லை. கேசரி பிடிக்காதவர் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.