படகிலிருந்து வந்த குரல்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், என் கணவரின் எண்ணிலிருந்து குரல் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. அவர் வளைகுடாவில் ஓர் அரபியின் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். படகு ஆழ்கடலுக்குப் போனால் சிக்னல் கிடையாது. கரைப்பக்கம் வரும்போதுதான் பேச்சு. கேரளத்துத் திருப்புறத்தில் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பழக்கம். சீக்கிரம் திரும்பிவிட்டார் போலிருக்கிறது என்ற சந்தோஷத்தில்தான் முதல் செய்தியைத் தொட்டேன்.

பேசியது அவரில்லை. வேறொரு ஆண், எனக்குத் தெரியாத பாஷையில், அவசரமாக, ஏறக்குறையக் கத்திக்கொண்டிருந்தான். படகின் இன்ஜின் சத்தம் கேட்டது. அதற்கு அடியில், குழறலாக, என் கணவரின் குரல். "வேண்டாம்... எனக்கு வேண்டாம்... விடு."

அடுத்த செய்தியிலும் அதேதான். அந்த ஆள் ஏதோ கேட்கிறான், இவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார். நான் திரும்பக் கூப்பிட்டேன். மணி போகவில்லை.

அந்தப் படகில் அவரைத் தவிர எல்லோரும் பங்களாதேஷ்காரர்கள். கூட இருந்த தூத்தூர்க்காரர் லீவில் ஊருக்கு வந்துவிட்டார். என் கணவர் அவர்களோடு பாதி இந்தியும் பாதி அரபியுமாகப் பேசிச் சமாளிப்பார். நல்ல பிள்ளைகள் என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

கொழுந்தன் வந்து செய்தியைப் போட்டுக் கேட்டான். கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

"மைனி, இது அண்ணன அடிக்கியானுவ ஆக்கும். ஸ்டேஷனுக்குப் போவோம்."

போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொல்வது? என்ன பாஷை என்றுகூட அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. மாமி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

நான் உதியன்குளங்கரையில் ஒரு தையல்கடையில் வேலை செய்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த டைல்ஸ் வேலைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் எப்போதாவது நைட்டியைப் பிடித்துத் தைத்து வாங்க வருவாள். கோழிக்கடையில் வேலை செய்து மலையாளம் படித்துக்கொண்டவள். அங்கே போகலாம் என்றேன். கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. இவனுவளும் அவனுவளும் ஒன்றுதான் என்றான். ஆனாலும் பைக்கை எடுத்தான்.

கதவைத் தட்டியபோது அவள் பாதிதான் திறந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். கொழுந்தனைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. நான் போனை நீட்டி, என் ஆள் பங்களாதேஷ்காரர்களோடு படகில் இருக்கிறார், இதில் என்ன சொல்கிறான் என்று கேட்டுச் சொல் என்றேன். அந்த நாட்டின் பெயர் காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து அவளுடைய கணவன் எழுந்து வந்தான்.

"ஞங்ஙளுக்கு பங்களாதேஷில் ஆரும் இல்லா," என்றான். எங்களுக்கு அங்கே யாருமில்லை என்று, நான் கேட்காத கேள்விக்குப் பதில் போல.

பிறகு அவள்தான் விளக்கினாள். முந்தின வாரம் ஆட்கள் வந்து, நீங்கள் உண்மையில் எந்த நாடு என்று கேட்டு, ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அந்த நாட்டு ஆளோடு தன் மனைவி பேசினாள் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவன் பயம். அவன் வாசலில் நின்ற என் கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தனும் அவனை விடாமல் முறைத்துக்கொண்டிருந்தான்.

"எலே, நீ ரோட்டுக்குப் போய் நில்லு," என்று கொழுந்தனிடம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் போனான்.

அவள் கணவனிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் மறுபடியும் சொன்னாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் புருவம் சுருங்கியது. மறுபடி கேட்டாள். வங்காள பாஷைதான், ஆனால் கடற்கரைக்காரன் பேசுகிற மாதிரி, பாதி பிடிபடவில்லை என்றாள். திருவனந்தபுரம் டவுன்காரரிடம் எங்கள் கடற்கரைப் பேச்சில் நான் பேசினால் அவரும் இப்படித்தான் விழிப்பார். கடைசியில் அவள் கணவனே பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான். இருவரும் ஒரு சொல்லைப் பற்றி வாதாடினார்கள். என்னால் உட்காரக்கூட முடியவில்லை.

"அடிக்குன்னதல்ல, சேச்சி," என்றாள். "மருந்து கொடுக்குன்னதாணு."

வலையிலிருந்து திருக்கை மீனை எடுக்கும்போது அதன் வால் முள் அவர் கையில் ஏறியிருக்கிறது. கை வீங்கி, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பித் தமிழில் மட்டும் பிதற்றுகிறார். படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மருந்துப் பெட்டியில் காய்ச்சலுக்கும் புண்ணுக்குமான குளிகை இருக்கிறது. கொடுத்தால் துப்புகிறார். ஆளைப் பிடித்து வாயில் போட்டுவிடட்டுமா, இல்லை நீங்கள் சொன்னால் விழுங்குவாரா என்று அந்த ஆள் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

புண்ணுக்கான குளிகை என்றதும் நான் அவளை நிறுத்தினேன். கல்யாணமான புதிதில் பல்வலிக்கு நெய்யாற்றின்கரையில் போட்ட ஊசியில் அவர் முகம் வீங்கி மூச்சு அடைத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தவள். பென்சிலின் இனி இவர் உடம்பில் படவே கூடாது, அதே வகைக் குளிகையும் ஆகாது என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். காய்ச்சலிலும் அந்த மனிதருக்கு அது மறக்கவில்லை.

"புண்ணுக்கான குளிகைய கொடுக்கக் கூடாதுன்னு சொல்லு. பென்சிலின் ஆகாது, செத்துப்போவாரு. காய்ச்சல் குளிகை மட்டும் போதும்," என்றேன்.

அவள் பேசத் தொடங்கும் முன் கணவன் அவள் கையைப் பிடித்தான். பிறகு போனை அவனே வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான். பென்சிலின் என்பதை மட்டும் பலமுறை சொன்னான்.

செய்தி போனது. ஒற்றை டிக் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. படகில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது போல. இதற்குள் பிடித்து வாயில் போட்டிருந்தால்? அவள் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். அது அப்படியே ஆறிப்போனது. அவள் கணவன் ஜன்னல் பக்கம் போய் ரோட்டைப் பார்ப்பதும் திரும்பி வந்து போனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

இரண்டாவது டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீலமானது. பிறகு ஒரு சின்னக் குரல் செய்தி. கொடுக்கவில்லை, கொடுக்க மாட்டோம், கரை தெரிகிறது என்கிறான் என்று அவள் சொன்னாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் படகு கரைசேர்ந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மலையாளி நர்ஸ் கூப்பிட்டு, கையைக் கீறிச் சீழ் எடுத்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றாள். பேச முடிந்ததும் என் கணவர் முதலில் கேட்டது, பென்சிலின் ஆகாது என்று அந்தப் பையன்களுக்கு யார் சொன்னார்கள் என்பதுதான்.

மூன்று விரல் சரியாக மடங்காமல் அவர் லீவில் வந்தார். அதற்குள் அந்தத் தம்பதி வீட்டைக் காலி செய்து பனச்சமூடு பக்கம் போயிருந்தார்கள். கொழுந்தன்தான் அலைந்து இடத்தைக் கண்டுபிடித்தான். நெய்மீன் வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். என் கணவரும் அந்த மனிதரும் இந்தியில் பேச ஆரம்பித்தார்கள். கொழுந்தன் முற்றத்திலேயே நின்றான். அந்த மனிதர் நாற்காலியைக் காட்டியும் அவன் உடனே உட்காரவில்லை. பிறகு வந்து உட்கார்ந்தான்.