மேல்மலையனூருக்குத் துணையாக

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் தெருக்குழாயில் சண்டை போட்டதிலிருந்து இரண்டு வருடமாகப் பேசவில்லை. மாதா கோயிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பது போல என்று வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஓர் அமாவாசையன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். காலில் கட்டுப் போட்டிருந்தார். மேல்மலையனூர் பஸ்ஸில் ஏற விடாமல் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"நீ சர்ச்சுக்குப் போறவ. இன்னாத்துக்கு வர்ற?" என்றார்.

"தனியா எப்பிடிக்கா ஏறுவ? வா," என்றேன்.

அங்காளம்மன் கோயில் வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை, வெயில்தான் தெரிந்தது.

திரும்பும்போது ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கணும். ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" என்று கேட்டார்.

"வர்றேன்க்கா," என்றேன்.