பொத்தானுக்கு ஒரு சொல்

“இது போட்டதா, கலந்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைக் கையில் வாங்குவார்.

“குடிக்கிறது சார்” என்பாள் டீயம்மா. பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு அலுக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேறு பதில் சொன்னால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டிவரும், அதனால்தான்.

அலுவலகத்தில் அவர் மொழிப்பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேஜை, இரண்டு அலமாரி, அவர். பெயர்ப்பலகை, அறிவிப்பு, எச்சரிக்கை எதுவானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் சுவரில் ஏறக்கூடாது என்று விதி. முதுகுக்குப் பின்னால் ‘அகராதி’ என்பார்கள். அதில் பாதி பட்டம், பாதி வசவு. அவர் முழுவதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். கழிப்பறை என்ற சொல் நாகரிகமாக இல்லை என்று ஒருமுறை ‘ஒதுக்கிடம்’ என்று மாற்றினார். யாருக்கு ஒதுக்கியது என்று தெரியாமல், வந்தவர்கள் வாசலிலேயே காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

வீட்டிலும் விடமாட்டார். மனைவி, “காபி கலக்கட்டுமா?” என்றால், “கலக்குறது குட்டையை. காபியைக் கலக்கணும்னு இல்ல, கலந்தா போதும்” என்பார். “கலந்தாச்சு. வாயை மூடிட்டுக் குடிங்க” என்பாள் அவள். வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று அடுத்த விளக்கம் ஆரம்பமாகும். அதற்குள் அவள் குளிக்கப் போயிருப்பாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கோப்பு வந்தது. அலுவலகத்துக்கு ஒரு டீ மெஷின் வாங்கியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் டீ வரும். பொத்தானில் எழுத ஒரு சொல் வேண்டும். மூன்று நாள் அவகாசம். ஊர் முழுக்கப் பலகை எழுதக் கொடுத்திருந்தாலும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

முதல் நாளே நிர்வாக அதிகாரி வந்துவிட்டார். “இதுக்கு எதுக்கு சார் மூணு நாள்? ‘டீ போடு’ன்னு எழுதுங்க. முடிஞ்சது.”

“‘போகடு’ன்னு ஒரு பழைய சொல் இருக்கு. அது தேஞ்சுதான் ‘போடு’ ஆச்சு. தூக்கி எறியறதுன்னு அர்த்தம். டீ போடுன்னா டீயை எறின்னு ஆகும்.”

டம்ளர்களோடு வாசலில் நின்ற டீயம்மா, “அப்ப இதைக் கொட்டிடட்டுமா சார்?” என்றாள்.

அவர் அதிகாரியை விடவில்லை. “அதோட, ஒரு மெஷின் உங்களைப் பார்த்துப் ‘போடு’ன்னு ஒருமையில சொல்லலாமா?”

அதிகாரி வந்த வழியே திரும்பினார். அந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ‘காய்ச்சு’ எடுபட்டது. சாராயம் காய்ச்சுகிற நினைப்பு வரும் என்று மாலையில் அதுவும் அடிபட்டது. ‘கலக்கு’ வயிற்றைக் கலக்கியது. ‘வடி’ என்றால் கண்ணீர் வடிந்தது. கடைசியில் ‘ஆற்று’ என்று ஒன்று அகப்பட்டது. அதைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார். சூடு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், மனசு ஆறும். ஆறுதல் என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான். கடமை ஆற்றுவதும் உரை ஆற்றுவதும் இந்த ஆற்றுதானா, வேறு குடும்பமா என்று பாதி ராத்திரி வரை ஆராய்ந்தார். வேறு குடும்பம் என்று முடிவு செய்தார். ஆனாலும் அந்த வாரம் மேலதிகாரி ஆற்றிய உரையை நினைத்தபோது, இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு ஊற்றி நுரை கிளப்பியது போலத்தான் அவருக்குப் பட்டது.

மூன்றாம் நாள் காலையில் டீயம்மா வந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“சொல்லு கிடைச்சிடுச்சாமே சார்?”

“கிடைச்சிடுச்சும்மா! தினமும் நீங்க செய்யறதுதான். ஆற்று!”

“ஆத்துறதை ஆத்துறதுன்னு சொல்ல மூணு நாளா?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நீங்க கையெழுத்துப் போட்டதும் நாளையிலேர்ந்து நான் வர வேண்டாமாம். ஆபீசர் சொல்லிட்டாரு.”

அவர் நிமிர்ந்தார். மூன்று நாளாக வினைச்சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த வினையைச் செய்கிற ஆள் எதிரில் நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“மெஷின் ஆற்றாதேம்மா?”

“அது எங்க ஆத்தும்? சும்மா ஊத்தும்.”

‘ஊற்று’ என்று அவர் கை தன்னால் அகராதிப் பக்கம் போனது. வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டார்.

“வீட்டுல மருமக ராஜ்ஜியம் சார். தண்ணி கொதிக்க வைக்கிறதுக்கும் அவளைக் கேக்கணும். எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்கிறது இங்க மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அவர் நேரே நிர்வாக அதிகாரியிடம் போனார். வேலையில் சேர்ந்த நாள் முதல் சொல்லைப் பற்றியில்லாமல் ஒரு மனுஷியைப் பற்றி அவர் பேசப் போனது அதுவே முதல் தடவை. அதனால் திக்கினார். அதிகாரி முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

“சார், உங்ககிட்ட கேட்டது ஒரு சொல்லு. யோசனை இல்ல. சாயங்காலத்துக்குள்ள கோப்பு வரணும்.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். சந்தேகம் என்று எழுதினால் கோப்பு வல்லுநர் குழுவுக்குப் போகும். ஆனால் சந்தேகமே இல்லாதபோது இருக்கிறது என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. இன்னொரு வழி இருந்தது. எழுதிக் கொடுக்கும் சொல்லில் எழுத்துப் பிழை இருந்தாலும் குழுவுக்குத்தான் போகும். குழுவில் மூன்று புலவர்கள். ஓரிடத்தில் ‘ப்’ மிகுமா மிகாதா என்பதில் முட்டிக்கொண்டு, நான்கு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அங்கே போன கோப்பு சீக்கிரம் திரும்பியதாக வரலாறு இல்லை; அது திரும்பாமல் மெஷின் ஓடாது.

ஆனால் கோப்பு போகிற வழியில் மேலதிகாரி பார்ப்பார். சிரிப்பார். மாடிக்கு மாடி செய்தி பரவும்: ‘அகராதிக்கே எழுத்துப் பிழையாம்!’ கட்டடமே சிரிக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கதவைப் பார்த்தார், யாரும் இல்லை. கோப்பில் சொல்லுக்கான கட்டத்துக்குள், குண்டு குண்டான அழகிய எழுத்தில், ‘ஆத்து’ என்று எழுதினார். எல்லாக் கோப்பிலும் ஒரு கீறலோடு விட்டுவிடுகிறவர், அன்று அதன் கீழே தகப்பன் பெயர் சேர்த்து, முழுக் கையெழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டார்.