ரிஸ்தென் காய்ச்சிய நல்லி எலும்பு

காட்யாவின் நாத்தனார் அந்த வடகோடிப் பனி ஊரின் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறாள். அவளிடம் ஒரு நர்ஸ் சொல்லி, அவள் காட்யாவிடம் சொல்லி, காட்யா அதைப் பெட்ரோல் பங்க்கில் வைத்து ரிஸ்தெனிடம் அவிழ்த்தாள்.

"உங்க அண்ணன் இஸ்ஸாத்துக்கு உடம்பு இப்படி ஆனதே மான் கறியாலதானாம்டி. ஆயுசு பூரா அதையே தின்னு ரத்தமெல்லாம் கெட்டியாயிடுச்சாம். இனிமே மோந்து பாக்கக்கூட விடக்கூடாதுன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாராம்."

"எந்த டாக்டர்?"

"அது தெரியாது. சொன்னாங்க."

"உன் புருஷனும் அதையேதான் தின்னான். அவன் ரத்தம் கெட்டியாச்சா?"

"அவனுக்கு மூளைதான் கெட்டியாச்சு" என்றாள் காட்யா.

வேறொரு நாளாக இருந்தால் ரிஸ்தென் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று பெட்ரோல் குழாயைப் படாரென்று மாட்டிவிட்டு நேராக இல்லத்துக்கு வண்டியை விட்டாள்.

ரிஸ்தெனுக்கு அறுபத்தாறு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். கணவன் போன பிறகும், மந்தையாக வளர்க்கும் பனிக் கலைமான்களைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டவள். அண்ணன் இஸ்ஸாத் வாழ்நாள் முழுக்க மந்தையின் பின்னால் போனவர். டிசம்பரில் பனி ஸ்கூட்டர் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. இல்லத்தில் சேர்த்தபோது அறுபத்தெட்டுக் கிலோ. மார்ச்சில் ஐம்பத்திரண்டரை. தெற்கேயிருந்து பிளாஸ்டிக் தட்டில் மூடி ஒட்டி வரும் உருளைக்கிழங்குக் கூழையும் மீன் உருண்டையையும் கண்டால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஐம்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவார்கள். வியாழக்கிழமைதோறும் எடை பார்ப்பது வழக்கம். அன்று வெள்ளி.

சமையல் பொறுப்பாளர் தூருன் தெற்கத்திக்காரி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கெட்ட மனசுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைக்கிறவள்.

"வதந்தி அது, ரிஸ்தென். அப்படி எந்த டாக்டரும் சொல்லல" என்றாள் அவள். "ஆனா வீட்டுல வெட்டின கறி என் சமையலறைக்குள்ள வரக்கூடாது. அரசாங்க ஆய்வு முத்திரை இருக்கணும். அவருக்குப் போற தட்டுல புரதம், இரும்புச் சத்து எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் வெக்கிறோம்."

"கணக்குப் பார்த்தா ஆச்சா? உள்ள போகணுமே."

தூருன் ஒரு படிவத்தைத் தள்ளினாள். "அவர் பழைய சாப்பாட்டுப் பழக்கம் தெரிஞ்சா உதவியா இருக்கும்னு கேட்டேன். ஒத்துழைக்கல. ஞாபகமும் தடுமாறுது. பாருங்க."

ரிஸ்தென் படித்தாள். *சொந்தமாக எத்தனை கலைமான்கள்? வருடத்துக்கு எத்தனை உண்பீர்கள்?* அதற்கு நேரே இஸ்ஸாத்தின் பதில்: *மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.* கீழே தூருனின் கையெழுத்தில்: *குழப்பம். கேள்வி புரியவில்லை.*

ரிஸ்தெனுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"அவருக்கு நல்லாவே புரிஞ்சுது. உங்க பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு உங்க மாமியார் நாலு பேர் முன்னாடி கேட்டா என்ன சொல்வீங்க?"

"அதெப்படிக் கேப்பாங்க!"

"அதைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. மந்தை எத்தனைன்னு இங்க எவனும் கேக்க மாட்டான். கேட்டா நாங்க சொல்ற பதில் அதுதான். எங்கப்பாவும் அதையேதான் சொன்னார், வரி அதிகாரிகிட்ட."

தூருன் பேனாவை எடுத்தாள். எங்கே எழுதுவது என்று தெரியாமல் கீழே வைத்தாள்.

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கண்ணனை வெளிய கூட்டிட்டுப் போய்க் காத்து வாங்க வைக்கலாமா?"

"தாராளமா. தினம் ஒரு மணி நேரம்."

அன்று மதியமே, வண்டி நிறுத்தும் இடத்து வேலிக்கு அந்தப் பக்கம், பனிக்கு நடுவில் ரிஸ்தெனின் கூடாரம் எழுந்தது. கழிகளை நட்டாள், தரையில் மிலாறுக் குச்சிகளைப் பரப்பினாள், அதன்மேல் தோலை விரித்தாள், நடுவில் தீ மூட்டினாள். கரி பிடித்த பெரிய பானையில் விலாவும் நாக்கும் நல்லி எலும்பும். உப்பு மட்டும்தான். இஸ்ஸாத்தைத் தோல் அங்கிக்குள் திணித்து, சக்கர நாற்காலியோடு பனியில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"குளிர் மைனஸ் இருபத்தஞ்சு. கொல்லப் பாக்குறியா?" என்றார் அவர்.

"நாப்பதுல மந்தைக்குப் பின்னாடி படுத்த ஆளு பேசுற பேச்சைப் பாரு. வாயைத் திற, அண்ணே."

முதல் நாள் அவரால் குடிக்க முடிந்தது ஒரு கோப்பைச் சாறு. மேலே மிதந்த மஞ்சள் கொழுப்பை அவள் ஊதி ஒதுக்கப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். இரண்டாம் நாள் நாக்கில் மூன்று துண்டு. மூன்றாம் நாள் அவள் கோடரியின் முதுகால் நல்லியைத் தட்டிப் பிளந்து நீட்டினாள். இஸ்ஸாத் உறிஞ்சிய சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. இல்லத்துச் சன்னல்களில் மூக்குகள் ஒட்டின. மறுநாள் இரண்டு கிழவர்கள் தங்களுக்கும் காற்று வேண்டும் என்று நர்ஸிடம் அடம் பிடித்தார்கள்.

ஆறாம் நாள் தூருன் மெல்லிய காலணியோடு பனியில் வழுக்கிக்கொண்டே வந்தாள்.

"இது ஏமாத்து வேலை, ரிஸ்தென்."

"உங்க சமையலறைக்குள்ள ஒரு எலும்பு வந்துச்சா?"

"வரல. ஆனா இந்த வயசுல இவ்வளவு கொழுப்பு..."

"கறியைப் பாருங்க, கொழுப்பு எங்க இருக்கு? மானுக்குக் கொழுப்பு முதுகுல தனியா இருக்கும், நல்லிக்குள்ள இருக்கும். வேணுங்கிறவன் எடுத்துக்குவான். இவருக்கு இப்ப வேணும். பதினஞ்சு கிலோ உங்ககிட்ட தொலைச்சிருக்கார்."

"முத்திரை?"

ரிஸ்தென் பைக்குள் கையை விட்டு, உறைந்து விறைத்த ஒரு மான் காதை எடுத்து தூருனின் உள்ளங்கையில் வைத்தாள். ஓரத்தில் இரண்டு வெட்டு, நுனியில் ஒரு கொத்து.

"இதுதான் முத்திரை. மான் யாருதுன்னு காட்டுற வெட்டு. எங்கம்மாவோடது, இப்ப என்னுது. இந்த மான் எந்த மலையில மேஞ்சுது, எந்தப் பாசியைத் தின்னுச்சு, எந்த நாள் கத்தி பட்டுச்சு, எல்லாம் நான் சொல்றேன். உங்க மீன் உருண்டை எந்தக் கடல்ல நீந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

இஸ்ஸாத் தாடியில் சாறு வழியச் சிரித்தார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. தூருன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு எடை. முடிவு டாக்டர் கையில. என்ன சொல்றார்னு மத்தியானம் போன் பண்றேன்" என்று மட்டும் சொன்னாள். காதைத் திருப்பித் தந்தாள். போகும்போது சன்னல் பக்கம் பார்த்து நின்றாள். அங்கே ஐந்து மூக்குகள்.

ஏழு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தபோது ரிஸ்தெனின் பெட்டியிலிருந்த கறியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். வாசனை ஆகாதாம். அன்று சன்னல் வழியாக அண்ணன் நீட்டிய உப்புக்கண்டத் துண்டு அவன் கால்சட்டைப் பையில் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? அவள் அதைத் தின்றாள், அவ்வளவுதான்.

வியாழன் காலை அவரை எடை மேடையில் ஏற்றினார்கள். முள் எங்கே நின்றது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மதியம் வழக்கம்போல் கூடாரம். ரிஸ்தென் நல்லியைக் கல்மேல் நிறுத்திக் கோடரியை ஓங்கியபோது, தோல் விரிப்பில் கிடந்த கைபேசி அலறியது. இல்லத்து எண்.

இஸ்ஸாத் அதையே பார்த்தார். "எடு. அனுப்பப் போறாங்களா இல்லையான்னு தெரியணும்ல?"

"அனுப்பினா இந்தக் கூடாரத்தைப் பிடுங்கிட்டுப் போய் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நடுவேன். அனுப்பலன்னா இங்கயே இருக்கும். ரெண்டுக்கும் இப்ப நீ தின்னாகணும்."

கோடரி இறங்கியது. எலும்பு நீளவாக்கில் சுத்தமாகப் பிளந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, நடுங்கிக்கொண்டு, ஆவி பறக்க.

"பிடி, ஆறுறதுக்குள்ள" என்றாள். அவள் விரலெல்லாம் கொழுப்பு. கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.