பேட்டரியைக் கீழ வெக்காதீங்க மிஸ்

எனக்குக் கை சும்மா இருக்காது. யாராவது சப்பாத்திக்கு மாவு பிசைந்தால்கூட, "தள்ளுங்க, குடுங்க இப்படி" என்று பிடுங்கிப் பிசைகிற ரகம். மூக்குக்கு மேலே கோபம் வேறு. அப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் கிடைத்தது, ரோபோவைத் தொடவே கூடாத ஒரு வேலை.

திருவொற்றியூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக். இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்ஜினியரிங் காலேஜ்களில் எங்கு பார்த்தாலும் ரோபோ போட்டி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பாலிடெக்னிக்குக்கும் ஆசை வந்துவிட்டது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்த என்னை, மாணவர்களைப் போட்டிக்குத் தயார் செய்வதற்கென்றே வேலைக்கு எடுத்தார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை. தண்ணி லாரிக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தார்.

"இன்னாம்மா வேலை அது?"

"பசங்க ரோபோ செய்வாங்கக்கா. நான் சொல்லிக் குடுத்து போட்டிக்கு இட்டுகினு போவேன். கோச்சு."

"பொம்மைக் காருக்கு வாத்தியாரா? தோடா! அதுக்கு சம்பளம் வேற தராங்களா?"

தந்தார்கள். எனக்கே அது நம்ப முடியாத சந்தோஷம்தான். காலையில் எட்டு மணிக்கெல்லாம் லேப் வாசலில் நிற்பேன். பூட்டைத் திறக்க வாட்ச்மேன் தாமதித்தால் அவரிடம் ஒரு பாட்டம் கத்துவேன்.

என் டீமில் மூன்று பேர். கேப்டன் காசிமேட்டுப் பெண். அம்மா மீன் ஏலத்தில் கூவுகிறவர். குரல் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. சால்டரிங் கம்பியைப் பிடித்தால் மட்டும் மூச்சுகூட வெளியே கேட்காது. ரோபோவில் ஒவ்வொரு ஒயரும் அவள் பற்றவைத்தது. இரண்டாவது, வியாசர்பாடிப் பையன். ஃபுட்பால்தான் அவனுக்குச் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. ஆனால் சக்கரமும் மோட்டாரும் பொருத்துவதில் கில்லாடி. மூன்றாவது, தண்டையார்பேட்டைப் பையன். அத்தா மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பேசவே மாட்டான், எந்த டூல் வேண்டுமோ அது நாம் கேட்பதற்கு முன்பே அவன் கையில் இருக்கும்.

போட்டி இதுதான். வெள்ளைத் தரையில் வளைந்து வளைந்து ஒரு கறுப்புக் கோடு. ரோபோ தானாகவே அந்தக் கோட்டைப் பிடித்து ஓடி முடிக்க வேண்டும். அதன் வயிற்றுக்கடியில் ஐந்து சென்சார்கள். தாமே தரையில் வெளிச்சம் அடித்து, அது பட்டுத் திரும்புவதைப் பார்த்து, இது வெள்ளை, இது கறுப்பு என்று பிரித்துச் சொல்லும். சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்கு உள்ளே மாணவர்கள் மட்டும். கோச் வெளியே. கோச் யோசனை சொன்னாலும் அவுட், தொட்டாலும் அவுட்.

முதல் வருஷம் எங்கள் ரோபோ முக்கால் தூரம் ஜோராக ஓடியது. கடைசித் திருப்பத்தில் ஒரு ஒயர் லூசாகித் திணறியது. அவ்வளவுதான், என் கை போய்விட்டது! கயிற்றைத் தாண்டிக் குனிந்து ஒயரை அழுத்தினேன். ரோபோ ஓடியது, நடுவர் விசில் ஊதினார், டீம் அவுட். கேப்டன் அங்கே அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் அழுதாள். பிறகு ஒரு வாரம் "ஆமா மிஸ்", "இல்ல மிஸ்" தவிர வேறு பேச்சில்லை. "தப்பு என்னோடதுதாண்டி" என்றேன். "தெரியும் மிஸ்" என்றாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்குக் கடைசி வருஷம். கேப்டன் என்னிடம் வந்து நின்று சொன்னாள்.

"ப்ரைஸுகூட வேணாம் மிஸ். கோட்ட முழுசா ஓடி முடிக்கணும். ஒரே ஒரு தபா. இத்த வுட்டா எங்களுக்கு ஏது போட்டி? நீங்க இன்னா ஆனாலும் கைய நீட்டாதீங்க."

"நீட்ட மாட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் லேப் மூன்றாவது மாடியில், கண்ணாடி இல்லாத ஜன்னல்களோடு இருந்தது. ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் கண் சிமிட்டும். பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, பொழுது சாய்ந்த பிறகு பயிற்சி செய்தோம். துறைமுகத்துப் பக்கம் கரி, எண்ணூர்ப் பக்கம் சாம்பல். காற்று எங்கிருந்து அடித்தாலும் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. காலையில் துடைத்தால் சாயங்காலம் ஃப்ளெக்ஸில் விரலால் பெயர் எழுதலாம். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை. அந்த அழுக்கிலேயே சென்சாரை டியூன் செய்தோம். ரோபோ ஓடிய ஓட்டம் இருக்கிறதே! முதல் முறை முழுக்கோட்டையும் முடித்தபோது நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் மாடியேறி ஓடி வந்தார்.

போட்டி நாள். அடையாறு தாண்டி ஒரு பெரிய காலேஜ், ஏசி ஹால். எங்கள் நம்பர் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு, கேப்டன் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தாள். எமர்ஜென்சி லைட்டில் இருக்குமே, செங்கல் கனத்தில், அது.

"ஸ்பேர் மிஸ். ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க. கீழ மட்டும் வெக்காதீங்க, சார்ஜ் எறங்கிடும்."

தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பது மெக்கானிக் ஷாப் நம்பிக்கை. அதெல்லாம் சும்மா என்று அவளுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான். அன்றைய படபடப்பில் அது உறைக்கவே இல்லை. நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து நிமிஷம், மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் ரோபோ கோட்டைச் சட்டையே செய்யாமல் நேராகப் போய் வீடியோக்காரர் காலில் முட்டியது. ஹாலே சிரித்தது. இரண்டாவது வாய்ப்பில் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போட்டி நடத்துகிறவர்கள் விரித்திருந்தது அன்றைக்குத்தான் அச்சடித்து வந்த புத்தம் புது ஃப்ளெக்ஸ். மேலே வீடியோவுக்காக இரண்டு ஃபோகஸ் லைட். அந்த வெளிச்சத்தில் கறுப்புக் கோடே பளபளவென்று மின்னியது. எங்கள் ரோபோவோ, கரி படிந்த சாம்பலைத்தான் வெள்ளை என்று படித்திருந்தது. அசல் வெள்ளையை அது ஜென்மத்தில் பார்த்ததில்லை. பாவம், எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தால் அது என்ன செய்யும்!

சென்சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன திருகு உண்டு. ஐந்தையும் திருப்பி மறுபடி டியூன் செய்தால் சரியாகிவிடும். ஸ்க்ரூ டிரைவர் என் தோள்பையில்தான் இருந்தது. என் கால் கயிற்றுக்குப் போய்விட்டது. வாய் "அடியே" என்று திறந்தும்விட்டது. கை? கையில் பேட்டரி! கீழே வைக்க வேண்டும், வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று நான் தவித்த அந்த ஒரு நொடியில் கேப்டன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை. கெஞ்சினாள், கண்ணாலேயே. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

அவள் மேலே லைட்டைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு வியாசர்பாடிப் பையனின் காலைப் பார்த்தாள். அவனுக்குச் சாயங்காலம் மேட்ச்; முழங்கால் வரை கறுப்பு ஃபுட்பால் சாக்ஸ் போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

"டேய், சாக்ஸ கழட்டு."

"இன்னாது?"

"கழட்டுரா டேய்! டைம் கீதா?"

கழற்றினான். தண்டையார்பேட்டைப் பையன் கையில் அதற்குள் கட்டர் இருந்தது, ஒரே கிழி. கேப்டன் அதை ரோபோவின் முன்பக்கம் சுற்றி, தரையைத் தொடுகிற மாதிரி தொங்கவிட்டு டேப் ஒட்டினாள். ஜன்னலுக்குத் திரை போட்டாற்போல் சென்சாரெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. ஒரு திருகையும் அவள் தொடவில்லை. மிச்சம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

ஸ்விட்சைப் போட்டாள். ரோபோ ஒரு தடவை உதறியது. கோட்டைப் பிடித்தது! முதல் வளைவு, இரண்டாவது வளைவு, சாக்ஸ் பாவாடை தரையைப் பெருக்கிக்கொண்டே போகிறது. "ஓடுது மிஸ், ஓடிகினே கீது மிஸ்!" என்று பேசாத பையன் கத்துகிறான். போன வருஷம் திணறிய அதே மாதிரித் திருப்பம். பேட்டரியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். திரும்பியது. கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. காசிமேட்டு ஏலக்குரலில் கேப்டன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேடைப் போட்டியே நின்றுவிட்டது. நான் பேட்டரியோடு குதித்தேன்.

நடுவர் ரோபோவைப் பார்க்கக் குனிந்தார், சட்டென்று நிமிர்ந்தார். "ஸ்மெல்லு மட்டும் கொஞ்சம் கலீஜ் சார்" என்றான் சாக்ஸின் சொந்தக்காரன். மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பை. உலகக் கோப்பையைக்கூட யாரும் அப்படித் தூக்கியிருக்க மாட்டார்கள்.

"எப்படிடி தோணுச்சு?" என்றேன் பஸ்ஸில்.

"நம்ம ரூம்ல ஏது மிஸ் அவ்ளோ வெளிச்சம்? நம்ம ரூம் மாதிரி இருட்டு பண்ணேன். அவ்ளோதான்."

ஐந்து திருகையும் ஒரு நிமிஷத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது, என்னாலும்தான். நான் யோசனை சொல்லியிருந்தால் மறுபடியும் நானே அவர்களைக் கெடுத்திருப்பேன். பேச்சை மாற்ற, மடியில் இருந்த ஸ்பேர் பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தோள்பையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

"அடியே, இது செத்த பேட்டரிடி!"

"ஆமா மிஸ். தீபாவளிக்கு முன்னாடியே பூட்டுச்சு."

"அப்ப எதுக்குடி இவ்ளோ தூரம் தூக்கிகினு வந்தே?"

மூன்று பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. கேப்டன்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ரோபோவுக்கு இல்ல மிஸ். உங்க கைக்கு."

எனக்கு வந்த கோபத்துக்குப் பஸ்ஸையே நிறுத்தியிருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தேன். அடுத்த வருஷம் புது டீமோடு போட்டிக்குக் கிளம்பியபோது, பையில் நான் முதலில் எடுத்து வைத்தது அந்தச் செத்த பேட்டரியைத்தான்.